அரைமணிக் கச்சேரி பிறந்த கதை

தமிழ்நாட்டில் வானொலியின் கதை 1924இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மே 16ஆம் தேதி சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி இங்கிலாந்திலிருந்து உதிரிபாகங்களைக் கொண்டுவந்து பூட்டிய கருவிதான் அதன் மூலதனம். திறன் 40 வாட். கூடத்தில் தொங்கும் ஒரு குண்டு பல்பு எரிய ஆகும் மின்சாரம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நகரத்துக்குப் பாட்டும் பேச்சும் அனுப்பினார்கள். பிற்பாடு 200 வாட் கருவி வந்தது. மூன்று ஆண்டு ஓடியது. 1927 அக்டோபரில் கையில் காசில்லாமல் நின்றது.

வானொலிக் கச்சேரி எப்படிப் பிறந்தது என்று தேடிப்போனால் முதலில் கைக்கு வருவது இந்த மூடுவிழாதான். அடுத்து வருவதும் ஒரு மூடுவிழா. கேட்பவரிடம் வசூலித்தே செலவைச் சமாளித்துவிடலாம் என்று நம்பித் தொடங்கிய முயற்சிகள் முறிந்துபோயின. ஊரோ அரசோ இது தன் பொறுப்பென்று எடுத்துக்கொண்ட பிறகுதான் கச்சேரி நிலைத்தது. ஆகாசவாணிக்கு ஏன் இவ்வளவு செலவு என்று இன்று பேசப்படும்போது இந்தப் பிறப்பு விவரத்தை யாரும் எடுத்து வைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிளப் மூடியதும் அதன் கருவி சென்னை கார்ப்பரேஷன் கைக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 அன்று கார்ப்பரேஷன் தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை என்று போகும் வரிசையில் ஒரு நகரசபை சங்கீதத்தையும் சேர்த்துக்கொண்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த வியப்பு அடங்குவதில்லை. மாலையில் இரண்டு மணிநேர நிகழ்ச்சி. பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப் பாடமும் கதையும் தனியாக. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சொற்பம் என்பதால் மெரினாவிலும் ராபின்சன் பூங்காவிலும் பீப்பிள்ஸ் பார்க்கிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். சபாவில் சீட்டு எடுக்க வசதியில்லாத ஒரு மனிதர், வேலை முடிந்து கடற்கரை மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்க வழி பிறந்தது அப்போதுதான். பாடியவருக்குக் கொடுத்த பணம் நகரத்தார் கட்டிய வரி.

அதே 1930 ஏப்ரல் 1 அன்று வடக்கேயும் ஒரு கைமாற்றம் நடந்தது. பம்பாயில் 1927 ஜூலை 23 அன்றும் கல்கத்தாவில் ஆகஸ்ட் 26 அன்றும் நிலையம் திறந்திருந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி ஒரு தனியார் நிறுவனம். பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், அதில் 80 சதவீதம் கம்பெனிக்குப் போகும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் 1930 தொடக்கத்தில்கூட உரிமம் எடுத்தவர்கள் 8,000 பேரைத் தாண்டவில்லை. கம்பெனி செலவைக் குறைத்துப் பார்த்தது. செலவைக் குறைத்ததும் நிகழ்ச்சி மெலிந்தது. மெலிந்த நிகழ்ச்சியைக் கேட்பதற்காகப் புதிதாகப் பெட்டி வாங்க யார் வருவார்கள்? 1930 மார்ச் 1 அன்று கம்பெனி கலைக்கப்பட்டது. ஒரு மாதம் கழித்து அரசாங்கம் இரண்டு நிலையங்களையும் எடுத்துக்கொண்டது, அதுவும் சோதனை முயற்சியாக.

சோதனை நெடுநாள் நீடிக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் இந்திய அரசின் கஜானாவையும் பிடித்தது. எங்கே வெட்டலாம் என்று தேடியவர்கள் கண்ணில் வானொலி பட்டது. 1931 அக்டோபர் 10 அன்று நிலையங்களை மூடுவதென்று முடிவாயிற்று. நேயர்கள் கொதித்தார்கள். பெட்டிகளை வாங்கிக் கடையில் அடுக்கியிருந்த வியாபாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். குறிப்பாக வங்காளத்தில் குரல் பலமாக எழுந்தது. நவம்பர் 23 அன்று அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. 1932 மே மாதம் ஒலிபரப்பு தொடரும் என்று உறுதியாக அறிவித்தது. செலவுக்கு வழியாக வானொலிப் பெட்டிகளின் இறக்குமதி வரியை 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக ஏற்றியது.

இதில் எதிர்பாராத துணை லண்டனிலிருந்து வந்தது. 1932 டிசம்பரில் பிபிசி தன் எம்பயர் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஊர்க்குரல் கேட்க இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் பெட்டி வாங்கினார்கள். 1934 முடிவில் உரிமங்கள் 16,000ஐத் தொட்டன. அவர்கள் கட்டிய உரிமக் கட்டணமும் இறக்குமதி வரியும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பாடிய உஸ்தாத்களுக்குச் சன்மானமாகப் போய்ச் சேர்ந்தன. யாரோ ஒருவர் வேறு எதையோ கேட்பதற்காகக் கட்டிய பணத்தில் இன்னொருவர் இசை வாழ்வது பொது ஒலிபரப்பின் இயல்பு. கட்டியவர் கேட்பதற்கே அவரவர் பணம் என்று கணக்கைப் பிரித்தால் அன்றைக்கே கயலும் துருபதும் வானொலிக்கு வெளியே நின்றிருக்கும்.

மைசூரிலும் இதே கதை சின்ன அளவில் நடந்தது. உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935 செப்டம்பர் 10 அன்று 30 வாட் கருவியோடு ஒரு நிலையம் நடத்தத் தொடங்கினார். பெயர் ஆகாசவாணி. தனிமனிதர் எவ்வளவு நாள் தாங்குவார்? நகரசபை கைகொடுத்தது, 1942இல் மைசூர் சமஸ்தானம் எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரைப் பின்னாளில் நாடு முழுவதற்கும் வைத்தார்கள்.

பிபிசியிலிருந்து லயனல் ஃபீல்டன் 1935இல் இந்தியா வந்து ஒலிபரப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1936 ஜூன் 8 அன்று ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வழக்கத்துக்கு வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று திறந்தது, கார்ப்பரேஷன் ஒலிபரப்பு அதோடு விடைபெற்றது. திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று வந்தது. காவிரிக் கரையில் அப்படியொரு நிலையம் அமைந்ததன் அருமையைத் தஞ்சாவூர் ஜில்லாவின் வித்வான்களிடம்தான் கேட்க வேண்டும். ஊருக்கு ஊர் நாகஸ்வரமும் தவிலும், தெருவுக்குத் தெரு பாட்டு வாத்தியாருமாக இருந்த பூமி அது. சென்னைக்கு ரயிலேற வசதியில்லாதவர் காலையில் பஸ் பிடித்துப் போய்ப் பாடிவிட்டுப் பொழுதோடு வீடு திரும்பலாம்.

இந்த நிலையங்களில்தான் அரைமணிக் கச்சேரி உருப்பெற்றது. அதைக் கச்சேரியின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது தனக்கென்று இலக்கணம் உள்ள தனி வடிவம்.

சபாக் கச்சேரியை அன்று அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் சீர்செய்து ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தார். அதுவே இரண்டரை, மூன்று மணிநேரம் போகும். வர்ணத்தில் குரலைப் பதப்படுத்திக்கொண்டு, இரண்டு சிறு கிருதிகளில் கூட்டத்தை நாடிபிடித்துப் பார்த்து, அதற்குப் பிறகு பெரிய ராகத்துக்குப் போகலாம். ஸ்டுடியோவில் அந்த அவகாசம் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும் முதல் பிடியிலேயே ராகம் இன்னதென்று தெரிந்தாக வேண்டும். ஆலாபனைக்கு ஐந்தாறு நிமிஷம், கிருதி, நிரவல் அல்லது ஸ்வரம், மிருதங்கத்துக்குக் கொஞ்சம், கடைசியில் ஒரு துக்கடா. சபாஷ் சொல்ல ஆளில்லை. தலையாட்டுவதற்கும் யாருமில்லை. எதிரே ஒலிவாங்கி, கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒருவர். பாடுபவர் கைதட்டலுக்காக நீட்டுகிற பழக்கமெல்லாம் அங்கே செல்லாது. ராகத்தின் ஜீவ ஸ்வரம் எது, எதை விட்டாலும் உருவம் கெடாது என்ற தெளிவு இருப்பவருக்கே அரைமணியில் பைரவி முழுசாக வரும். மூன்று மணிநேரத்தில் மறைத்துவிடக்கூடிய குறைகள் அரைமணியில் அம்பலமாகும்.

ஒலிவாங்கி வேறொரு நன்மையும் செய்தது. வீணை பெரிய பந்தலில் நாலாவது வரிசையைத் தாண்டாத வாத்தியம். மீட்டிய பிறகு தந்தியில் எஞ்சி நிற்கும் நாதம் அடங்கும் வரை வீட்டில் உட்கார்ந்து கேட்க முடிந்தது வானொலியில்தான். கோட்டு வாத்தியத்துக்கும் அப்படியே. கூட்டம் சேர்க்காத வாத்தியம் என்று சபாக்காரர் தயங்கும் இடத்தில் வானொலி தயங்க வேண்டியதில்லை, ஏனெனில் அது வாசலில் சீட்டு விற்கவில்லை.

எல்லாம் சரியாகவே நடந்ததென்று சொல்ல மாட்டேன். 1940 மார்ச் முதல் ஆர்மோனியத்தை வானொலியிலிருந்து விலக்கி வைத்தார்கள். அதன் கட்டைகள் கமகத்துக்கு ஒத்துவராது என்பது வாதம். அந்த விலக்கு தளர முப்பது ஆண்டு ஆனது. நல்ல கலைஞர்கள் வீணாகக் காத்திருந்தார்கள். தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடமில்லை என்ற குறையும் எழுந்தது. தமிழிசை இயக்கத்தார் சென்னை, திருச்சி நிலையங்களை நோக்கி அதை உரக்கக் கேட்டார்கள். எவ்வளவு நேரம் தெலுங்குக் கிருதி, எவ்வளவு நேரம் தமிழ் என்று கணக்குக் கேட்க முடிந்ததற்குக் காரணம் அது பொதுப்பணம் என்பதுதான். தனியார் சபாவிடம் போய் அப்படிக் கேட்டால் விருப்பமிருந்தால் வாருங்கள் என்பார்கள். வானொலி அப்படிச் சொல்ல முடியாது.

சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன, ஜமீன் ஒழிந்தது. நியாயமான மாற்றங்கள். ஆனால் ராமநாதபுரம், எட்டயபுரம், மைசூர், திருவிதாங்கூர் என்று வித்வான்கள் நம்பியிருந்த வாசல்கள் சாத்திக்கொண்டன. அந்த நேரத்தில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார் பி.வி. கேஸ்கர். பத்து ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார். சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்து நேயர்களை ரேடியோ சிலோனிடம் பறிகொடுத்தவர் என்றே அவரை இன்று நினைவில் வைத்திருக்கிறார்கள். அது உண்மைதான், அந்தப் பிடிவாதம் தவறுதான். 1957 அக்டோபர் 3 அன்று விவித்பாரதி தொடங்கித்தான் அந்தத் தவறைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆனால் சாஸ்திரீய சங்கீதத்துக்கு அரசுப் பணத்தில் நிரந்தர ஏற்பாடு செய்தவரும் அவரே. 1952 ஜூலையில் தேசிய இசை நிகழ்ச்சி வந்தது. அதே ஆண்டு ரவிசங்கரும் டி.கே. ஜெயராமய்யரும் நடத்த வாத்திய விருந்தா என்ற வாத்தியக் குழு வந்தது. 1954இல் வானொலி சங்கீத சம்மேளனம் வந்தது. பல ஊர்களில் நேயர்கள் முன்னிலையில் கச்சேரி நடத்தி அதை நாடு முழுவதும் ஒலிபரப்பினார்கள். வடக்கத்தி வீட்டில் செம்மங்குடியும் தெற்கத்தி வீட்டில் படே குலாம் அலி கானும் கேட்கக்கூடிய காலம் அது.

இவற்றைவிட முக்கியமான வேலை திரைமறைவில் நடந்தது. அதுதான் ஆடிஷன். ஊரில் உள்ள நிலையத்தில் முதல் சோதனை, அதில் தேறினால் பாடிப் பதிந்ததைத் தில்லிக்கு அனுப்புவார்கள். அங்கே இருக்கும் குழு பெயர் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக் கேட்டுத் தரம் போடும். பி, பி ஹை, ஏ, டாப். தொடக்கத்தில் மூத்த வித்வான்கள் பலருக்கு இது அவமானமாகப் பட்டது. என்னைச் சோதிக்க இவன் யார் என்ற கோபம் எழுந்தது, சில இடங்களில் புறக்கணிப்பும் நடந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தாலும், இளையவர்களுக்கு இந்த முறை செய்த நன்மை பெரியது. யாருடைய பிள்ளை, எந்தக் குருவின் சிஷ்யை, எந்தத் தெருக்காரர் என்ற கேள்விகள் எழ வழியில்லாமல் குரல் மட்டும் தில்லிக்குப் போனது. இன்றும் சபாத் துண்டுப் பிரசுரத்தில் பெயருக்குக் கீழே ‘ஆகாசவாணி ஏ கிரேடு’ என்று போட்டுக்கொள்கிறார்கள். கல்யாணக் கச்சேரிக்குப் பேசும்போதும் அது அடிபடும். வெளிநாட்டுப் பயணத்துக்கு அரசுக் குழுவில் இடம்பிடிக்கவும் உதவும். சங்கீத உலகம் முழுவதற்கும் தரம் பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒரு பொது நிறுவனம் தன் செலவில் செய்துவருகிறது.

தரம் கிடைத்தவருக்கு ஆண்டில் சில முறை அழைப்பு வரும். ஒப்பந்தத் தாளில் தேதி, நேரம், தொகை இருக்கும். தொகை பெரிதில்லை. ஆனால் அதைத் தருவது அரசு, பாடியவர் கெஞ்ச வேண்டியதில்லை. பக்கவாத்தியக்காரருக்கு இதில் கிடைத்த மரியாதை தனியாகச் சொல்ல வேண்டியது. வெளிக் கச்சேரியில் பிடில்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் எவ்வளவு என்பது பெரும்பாலும் பாடகர் கையிலோ சபாக் காரியதரிசி மனசிலோ இருக்கும். வானொலியில் அவரவர் தரத்துக்கு அவரவர் தொகை. கடம், கஞ்சிரா, மோர்சிங்குக்கும் ஆடிஷன் உண்டு, தரம் உண்டு.

அடுத்து நிலைய வித்வான். மாதச் சம்பளத்தில் நிலையத்திலேயே வேலை பார்க்கும் கலைஞர். இவரை வைத்துத்தான் சின்ன ஊர்க் கச்சேரியின் பொருளாதாரமே நின்றது. கிராமத்திலிருந்து ஒரு பாட்டு டீச்சர் தம்பூராவுக்குக்கூட ஆளில்லாமல் தனியாக வந்து இறங்கினால் போதும். பிடிலும் மிருதங்கமும் நிலையத்தில் தயாராக இருக்கும். அந்த ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பக்கவாத்தியம் அன்று அவருக்குக் கிடைக்கும். வாழ்நாளில் சபா மேடையே ஏறாத பெண்கள் பலர் அப்படி வானொலியில் பாடியிருக்கிறார்கள். புகுந்த வீட்டார் கச்சேரிக்கு அனுப்ப மாட்டார்கள், ரேடியோ நிலையத்துக்கு அனுப்புவார்கள். அது கௌரவம்.

வேலையிலிருந்தவர்களின் பட்டியல் இன்னொரு கதை சொல்லும். செம்மங்குடி சீனிவாச ஐயர் 1957 முதல் 1960 வரை சென்னை நிலையத்தில் கர்நாடக இசையின் தலைமைத் தயாரிப்பாளர். ஈமனி சங்கர சாஸ்திரி தில்லியில் வாத்திய விருந்தாவை நடத்தினார். விஜயவாடாவில் ஓலேட்டி வெங்கடேஸ்வரலு இருந்தார், பாலமுரளிகிருஷ்ணாவும் சில காலம் இருந்தார். சென்னையில் எஸ். ராஜம் நெடுங்காலம் பணியாற்றினார். 72 மேளத்திலும் கோடீஸ்வர ஐயர் செய்த தமிழ்க் கிருதிகள் இன்று புழக்கத்தில் இருப்பதற்கு ராஜத்தின் உழைப்பு பெரும் காரணம். சபாக் கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் வருஷம் முழுக்க விவாதி மேளமாகப் பாடிக்கொண்டிருக்க முடியாது. மாதச் சம்பளமும் அமைதியான ஸ்டுடியோவும் இருந்தால்தான் அப்படியொரு காரியத்தில் ஒருவர் ஆயுளைச் செலவிடுவார்.

பணம் மறுபடியும் பேச்சானது எப்போது? 1980களின் நடுவில் வானொலி உரிமக் கட்டணத்தை நீக்கினார்கள். ஏழைக்குச் சுமை குறைந்தது, நல்லதுதான். ஆனால் அதுவரை தபால் நிலையத்தில் வரிசையில் நின்று பணம் கட்டிய நேயருக்கு இது என் ரேடியோ என்று கேட்க ஒரு பிடி இருந்தது. அது போனது. 1997 நவம்பர் 23 முதல் ஆகாசவாணி பிரசார் பாரதியின் கீழ் வந்தது. தன்னாட்சி என்று பெயர், சம்பளத்துக்கு அரசின் மானியம். அதோடு சொந்தமாகச் சம்பாதி என்ற நெருக்கடியும் வந்தது. விளம்பரம் எடுத்து வரும் நேரம் எது, எடுத்து வராத நேரம் எது என்று பிரித்துப் பார்த்தால் இரவு ஒன்பதரை மணி வீணைக் கச்சேரி எந்தப் பக்கம் விழும் என்பது தெரிந்ததே.

நிலைய வித்வான் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் எடுப்பது பல நிலையங்களில் நின்றுபோனது. இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்பளத்தில் பிடில்காரர் இருக்கும்போது ஒரு கச்சேரிக்கு வெளியே போகும் தொகை பாடுபவருக்கு மட்டும். அவர் இல்லையென்றால் பிடிலுக்கும் மிருதங்கத்துக்கும் வெளியாளை அழைத்துத் தனித்தனியே தர வேண்டும். ஒதுக்கீடு ஏறவில்லை. ஆகவே அழைப்பு குறைகிறது. ஆண்டுக்கு ஐந்தாறு முறை பாடியவர் ஒன்றிரண்டு முறை பாடுகிறார். மிச்ச நேரத்தைப் பழைய பதிவு நிரப்புகிறது. பழைய பதிவுகளும் முழுசாக இல்லை. டேப் வாங்கச் சிக்கனம் பார்த்து ஏற்கெனவே பாடியிருந்த கச்சேரியின் மேலேயே அடுத்ததைப் பதிந்த காலம் ஒன்று இருந்தது. என்னென்ன போயிற்று என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

2016 ஜனவரி 26 அன்று 24 மணிநேரமும் சாஸ்திரீய இசை தரும் ராகம் அலைவரிசை வந்தது. நான் வரவேற்கும் ஏற்பாடு. கைப்பேசியில் எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம். ஆனால் ஒரு நாளை முழுவதும் பதிவைக் கொண்டு நிரப்ப முடியும், அதற்காகப் புதிதாக ஒருவரைக் கூப்பிட்டுப் பாடவைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. கேட்பவர் குறை தீர்கிறது, பாடுபவர் குறை அப்படியே நிற்கிறது. 1988இல் தொடங்கிய தேசிய அலைவரிசையை 2019 தொடக்கத்தில் மூடினார்கள். அதோடு அகமதாபாத், ஐதராபாத், லக்னோ, ஷில்லாங், திருவனந்தபுரம் ஆகிய ஐந்து ஊர்களின் பயிற்சி நிலையங்களும் மூடப்பட்டன. சொன்ன காரணம் சிக்கனம்.

இந்த நிலை நமக்கு மட்டும் வந்ததில்லை. சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கிய அதே 1924இல் லண்டனில் பிபிசி ஒரு பாடகர் குழுவை அமைத்தது. பிபிசி சிங்கர்ஸ் என்ற பெயரில் அது இன்றும் பாடுகிறது. நூற்றாண்டு கொண்டாட ஒரு வருடம் இருக்கும்போது, 2023 மார்ச் 7 அன்று, அந்தக் குழுவைக் கலைக்கப் போவதாகவும் இங்கிலாந்திலுள்ள தன் மூன்று வாத்தியக் குழுக்களில் ஐந்தில் ஒரு பங்கு சம்பள இடங்களைக் குறைக்கப் போவதாகவும் பிபிசி அறிவித்தது. இசையமைப்பாளர்களும் பாடகர்களும் ரசிகர்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். மார்ச் 24 அன்று கலைக்கும் முடிவை நிறுத்திவைத்தார்கள்.

1931இல் கல்கத்தாவில் நடந்ததும் 2023இல் லண்டனில் நடந்ததும் ஒரே வகை. இரண்டிலும் ஒரு தேதியில் ஓர் அறிவிப்பு வந்தது. எதிர்க்கிறவர்களுக்குக் குறி கிடைத்தது. திருச்சியிலோ கோவையிலோ திருநெல்வேலியிலோ அப்படி ஓர் அறிவிப்பு வரவே வராது. ஒருவர் ஓய்வு பெறுவார், அவர் நாற்காலி காலியாக இருக்கும். ஓர் ஆண்டு அழைப்பு வராது, அடுத்த ஆண்டு வரும் என்று காத்திருப்பார்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் நிகழ்ச்சி நிரலைத் தாங்கிவந்த ‘வானொலி’ இதழ்கூட நின்றுபோய்விட்டதால், போன வருடம் என்ன இருந்தது இந்த வருடம் என்ன இல்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் கையில் தாளில்லை.

இதனால் கச்சேரியே அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மார்கழியில் சென்னைச் சபாக்கள் நிரம்பும். முன்வரிசைக் கலைஞர்களுக்கு அமெரிக்கா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா இருக்கின்றன. ஆபத்து நடுவில் இருப்பவர்களுக்கு. நாற்பது வயதில், மன்னார்குடியிலோ நாகர்கோவிலிலோ, பள்ளியில் இசை ஆசிரியராகவோ வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோ காலம் தள்ளுகிற பி ஹை பாடகருக்கு. கோவில் திருவிழா முடிந்தால் அடுத்த அழைப்பு எப்போது என்று தெரியாத நாகஸ்வரக்காரருக்கு. பாடுபவர்களே குறைந்துபோன ஊரில் யாருக்கு வாசிப்பது என்று தெரியாத பிடில்காரருக்கு. ஒரு புதுக் கிருதியை எடுத்துச் செம்மைப்படுத்த இவர்களுக்கு ஒரு தேதி வேண்டும். வானொலி அழைப்பு அந்தத் தேதி. மூன்று மாதம் முன்பே கடிதம் வந்தால் மூன்று மாதமும் வீட்டில் சாதகம் நடக்கும், கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் அதைக் கேட்டபடி வளர்வார்கள். தலைநகரத்து மேடைக்கு வருகிற அடுத்த தலைமுறை அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறது. டிசம்பரில் மதிய நேரத்து மேடைக்கு ஏற இளைஞர்களே கைக்காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற புகார் பல வருடமாக உண்டு. பாடுபவருக்குப் பணம் கொடுத்துக் கூப்பிடும் நிறுவனம் என்ற முறையில் ஆகாசவாணிக்கு மாற்று இன்னும் உண்டாகவில்லை.

சங்கீதக்காரர்கள் இதுவரை செய்தது அமைச்சருக்கு மகஜர் கொடுப்பது. அதற்கு முன்னால் விவரம் வேண்டும். தமிழ்நாட்டு நிலையங்களில் நிலைய வித்வான் இடங்கள் எத்தனை, அவற்றில் காலியானவை எத்தனை, எந்த ஆண்டிலிருந்து? தரம் பெற்ற கலைஞர்கள் ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பேர், சென்ற ஐந்து ஆண்டுகளில் அவர்களுக்குத் தந்த கச்சேரிகள் எத்தனை? அவற்றில் நாகஸ்வரத்துக்கு எத்தனை, வீணைக்கு எத்தனை? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இதை எந்தக் குடிமகனும் கேட்கலாம். சபாக்களும் இசைக் கல்லூரி மாணவர்களும் ஊருக்கு ஒருவராகப் பொறுப்பெடுத்து நிலையம் நிலையமாகக் கேட்டு, வரும் பதிலை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட வேண்டும். எந்த நிலையத்தில் எத்தனை கச்சேரி குறைந்தது என்று தாளில் வந்துவிட்டால், நாடாளுமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும் நாளில் நம் உறுப்பினரிடம் கொடுத்து எழுப்பச் சொல்ல அதுவே போதுமானது.